எம்டோர்: கலத்தை வளர்க்கும் புரதம் புற்றுநோயில் என்ன செய்கிறது? தொடக்கநிலை வாசகருக்கான முழுமையான வழிகாட்டி

சுன்னாகம் சந்தியால் காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் மல்லாகம் கழியத் தெல்லிப்பழை வரும். அங்குள்ள ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தின் பயன் அது. முன்னர் எங்கள் பகுதி நோயாளிகள் பலர் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்தார்கள். இப்போது அந்த அலைச்சல் குறைந்திருக்கிறது. கிளினிக் வாங்கில் காத்திருக்கும் நேரம் இன்னும் நீளம்தான். அந்த நேரத்தில் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி திரும்பத் திரும்ப வரும்: “பட்டினி கிடந்தால் உடம்புக் கலங்கள் தம்மையே தின்னும், அதோடு புற்றுநோயையும் தின்றுவிடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பானியருக்கு நோபல் பரிசு.”

இதில் கலம் தன்னைத் தின்பதும் உண்மை, ஜப்பானியருக்குப் பரிசு கிடைத்ததும் உண்மை. நடுவில் இருக்கும் தாவலில்தான் பிழை. அந்தப் பிழையை நீங்களே பிடிப்பதற்கு ஒரு புரதத்தைத் தெரிந்துகொண்டால் போதும். அதன் பெயர் எம்டோர். கலம் வளர்வதா, தன் உறுப்புகளைத் தானே பிரித்து உண்பதா என்பதில் பெரும்பங்கு அதன் கையில் இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தால் இந்த வழிகாட்டியை விரைவாகக் கடக்கலாம். படிக்காதவர்கள் ஒவ்வொரு படியிலும் சற்று நின்று போகவும்.

முதல் படி: பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

இந்தக் கதையில் மருந்துதான் முதலில் கிடைத்தது. புரதம் பின்னால்தான் தெரியவந்தது.

1964இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு பசிபிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்குப் போனது. அங்குள்ளவர்கள் தங்கள் தீவை ரப்பா நூயி என்பார்கள். குழுவினர் அள்ளி வந்த மண் மொன்றியலில் இருந்த ஏயர்ஸ்ட் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பற்றீரியா சுரந்த பொருளைப் பிரித்தெடுத்தவர்களில் முதன்மையானவர் சுரேந்திர நாத் சேகல். பிரிவினைக்கு முந்திய இந்தியாவில், இன்று பாக்கிஸ்தானில் இருக்கும் பகுதியில் பிறந்தவர். தீவின் பெயரை ஒட்டி அந்தப் பொருளுக்கு ரப்பமைசின் என்று பெயர் வந்தது. 1975இல் ஆய்வு முடிவு வெளியானது. பூஞ்சணங்களைக் கொல்லும் மருந்தாகத்தான் அப்போது அதைப் பார்த்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் கம்பனி மொன்றியல் கூடத்தை மூடியது, ரப்பமைசின் வேலையும் நின்றது. சேகல் கடைசியாக ஒரு தொகுதியைத் தயாரித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டார். ‘தின்னவேண்டாம்’ என்று மேலே எழுதியிருந்தாராம். சில ஆண்டுகள் கழித்துப் புதிய நிர்வாகம் வந்ததும் அதே மருந்து மீண்டும் வெளியே வந்தது. 1999இல் சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு வீட்டின் குளிர்பதனப் பெட்டி இவ்வளவு பெரிய மருத்துவத் துறையைக் காத்துக்கொடுத்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்த மருந்து கலத்துக்குள் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்ற கேள்விக்கு 1991இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் விடை வந்தது. ஜோசப் ஹைற்மன், ராவ் மொவ்வா, மைக்கல் ஹோல் ஆகிய மூவரும் மதுவக் கலங்களில் அந்தப் புரதத்தின் மரபணுக்களைக் கண்டார்கள். ரப்பமைசினின் இலக்கு என்ற பொருளில் அதற்கு டோர் என்று பெயரிட்டார்கள். 1994இல் முலையூட்டிகளிலும் அது இருப்பது தெரிந்து எம்டோர் ஆனது. மதுவத்திலும் மனிதரிலும் ஏறக்குறைய ஒரே புரதம் இருக்கிறது என்றால், அது செய்யும் வேலை மிகப் பழையது, தவிர்க்க முடியாதது என்று விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: அது என்ன வேலை செய்யும், எங்கே இருந்து செய்யும்

எம்டோர் 2,549 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய நொதியம். வேறு புரதங்களின் மேல் பொசுபேற்று என்ற சிறு கூட்டத்தை ஒட்டுவது அதன் தொழில். இப்படி ஒட்டும் நொதியங்களைக் கைனேஸ் என்பார்கள். பொசுபேற்று ஒட்டியதும் சில புரதங்கள் வேலையைத் தொடங்கும், சில நிறுத்தும்.

எம்டோர் தனியாக வேலை செய்யாது. ராப்டர் என்ற துணைப்புரதத்தோடு சேர்ந்தால் ஒரு தொகுதி, ரிக்டர் என்ற துணைப்புரதத்தோடு சேர்ந்தால் இன்னொரு தொகுதி. ரப்பமைசினுக்கு உடனே பணிவது முதலாவது தொகுதி. நாம் பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

இப்போது இடம். கலத்துக்குள் இலைசோசோம் என்ற அமிலப் பைகள் உண்டு. பழுதான பாகங்கள் அங்கே போய்க் கரைந்து அமினோ அமிலங்களாகவும் கொழுப்பாகவும் திரும்பி வரும். பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்தியன் டி டூவ் 1955இல் இவற்றைக் கண்டறிந்தார். கலம் தன் பாகங்களையே இந்தப் பைக்கு அனுப்பும் செயலுக்கு 1963இல் பெயர் வைத்தவரும் அவரே. தமிழில் தன்னுண்ணல் என்று சொல்லலாம். உணவு இருக்கும்போது எம்டோர் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் இந்த இலைசோசோமின் வெளிப்புறம். வளர்ச்சிக்குக் கட்டளை கொடுக்கும் புரதம் சமிபாட்டுப் பையின் தோலில் இருந்துகொண்டு உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்க்கிறது. இந்தப் படியில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த இடத்தை மறக்கவேண்டாம். பின்னால் வருவது எல்லாம் இதிலிருந்துதான்.

மூன்றாம் படி: அது எந்தச் செய்திகளைக் கேட்கிறது

எம்டோருக்கு நான்கு பக்கத்திலிருந்து செய்தி வரும்.

ஒன்று, அமினோ அமிலங்கள். லியூசின் இருக்கிறதா என்று செஸ்ட்ரின்2 என்ற புரதமும், ஆர்ஜினின் இருக்கிறதா என்று காஸ்டர்1 என்ற புரதமும் பார்க்கும். இருந்தால் எம்டோர் இலைசோசோமுக்கு அழைக்கப்படும்.

இரண்டு, இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும். இவை கலத்தின் வெளிச்சவ்வைத் தட்டினால் உள்ளே பிஐ3கே, ஏகேடி என்ற இரு கைனேஸ்கள் வரிசையாக எழும்பும். ஏகேடி போய் டிஎஸ்சி என்ற தடையை விலக்கும். தடை விலகியதும் ரெப் என்ற சிறு புரதம் எம்டோரை இயக்கும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், புற்றுநோய் பற்றிய படியில் திரும்பவும் வேண்டும்.

மற்ற இரண்டும் சக்தியும் ஒட்சிசனும். சக்தி குறைந்தால் ஏஎம்பிகே என்ற கைனேஸ் எம்டோரை அமர்த்தும். வலிகாமத்தில் நீரிழிவுக்காரர் வீடுகளில் காணும் மெற்ஃபோமின் குளிசை ஏஎம்பிகேயைத் தூண்டும் மருந்து. புற்றுநோய் ஆய்வாளர்கள் அந்தக் குளிசைமேல் ஆசைப்பட்டதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நான்காம் படி: எழும்பினால் என்ன, அமர்ந்தால் என்ன

செய்திகள் எல்லாம் சாதகமாக இருந்தால் எம்டோர் எஸ்6 கைனேஸ் போன்ற புரதங்களுக்குப் பொசுபேற்றை ஒட்டும். றைபோசோம்கள் பெருகும், புரத உற்பத்தி கூடும், கலம் பருத்துப் பிரியத் தயாராகும். அதே வேளையில் யூஎல்கே1 என்ற புரதத்துக்கும் பொசுபேற்றை ஒட்டி அதை முடக்கும். தன்னுண்ணலைத் தொடக்கி வைப்பது இந்த யூஎல்கே1தான். இலைசோசோம்களைப் பெருக்கும் மரபணுக்களை எழுப்பும் டிஎஃப்ஈபி என்ற புரதத்தையும் கருவுக்குள் போகவிடாமல் எம்டோர் வெளியே நிறுத்தும். ஆக, ஒரே புரதம் ஒரே நேரத்தில் கட்டுமானத்தைத் தொடக்குகிறது, உடைப்பதை நிறுத்துகிறது.

உணவு அற்றுப்போனால் எம்டோர் அமரும், யூஎல்கே1 விடுபடும். கலத்துக்குள் ஒரு மென்சவ்வு பிறை வடிவில் எழுந்து பழைய இழைமணிகளையும் கட்டிபட்ட புரதங்களையும் சுற்றி வளைத்து இரட்டைச் சவ்வுப் பையாக மூடிக்கொள்ளும். அந்தச் சவ்வில் எல்சி3 என்ற புரதம் ஒட்டியிருக்கும். எதை ஏற்றவேண்டும் என்று பிடித்துக் கொடுப்பவற்றில் ஒன்று பி62. மூடிய பை இலைசோசோமோடு சேர்ந்ததும் உள்ளிருப்பது கரையும். இந்த வேலைக்கான மரபணுக்களை 1990களின் தொடக்கத்தில் மதுவத்தில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவர் யொஷினோரி ஓசுமி. 2016இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஜப்பானியர் அவரே.

யாழ்ப்பாணத்தில் 1990களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேசத் தேவையில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், பசளை எதுவும் ஒழுங்காக வராத காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், ஜாம் போத்தலில் விளக்கு எரித்தோம், பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம், ஓடாத வாகனத்தைக் கழற்றி ஓடும் வாகனத்துக்குப் பூட்டினோம். அந்தக் காலத்தில் புது வீடு கட்டியவர் குறைவு, இருந்ததைப் பிரித்து உயிர் பிழைத்தவர் அதிகம். எம்டோர் அமர்ந்த கலமும் அப்படித்தான். இந்த ஒப்புமையில் ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள்: பிரித்துப் பிழைக்கும் திறமை நல்லவனுக்கும் உதவும், கள்ளனுக்கும் உதவும். அடுத்த படி அதைப் பற்றித்தான்.

ஐந்தாம் படி: புற்றுநோயில் இரண்டு முகங்களையும் பாருங்கள்

எம்டோரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை ஓரளவு நேரானது. தாளில் எழுதிய வரிசையை எடுங்கள். பிஐ3கே மரபணு விகாரமடைந்து ஓயாமல் இயங்கலாம். அதை அடக்கும் பீடென் என்ற புரதம் இல்லாமல் போகலாம். டிஎஸ்சி தடை உடையலாம். மூன்றிலும் முடிவு ஒன்று: உணவு இருக்கிறதோ இல்லையோ எம்டோர் எழும்பியே நிற்கும், கலம் வளர்ந்துகொண்டே போகும்.

புகையிலைக்கும் இந்த வரிசைக்கும் தொடர்பு உண்டு. நிக்கொற்றினும் புகையிலையில் உள்ள ஒரு நைத்திரோசமைனும் மனிதச் சுவாசப்பாதைக் கலங்களில் ஏகேடியைச் சில நிமிடங்களில் எழுப்புவதை 2003இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூறு அதற்கு முக்கிய காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. எங்கள் செம்மண்ணில் விளைந்த புகையிலைதான் பல வீடுகளுக்குக் கல்வீடும் படிப்பும் கொடுத்தது. அதற்காக ஆய்வு முடிவைச் சற்று மெதுவாகச் சொல்ல முடியாது.

தன்னுண்ணலின் பக்கத்திலிருந்து பார்த்தால் சிக்கல் கூடும். பெத் லெவின் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெக்லின்1 என்ற தன்னுண்ணல் புரதத்தை ஆராய்ந்தார். பெக்லின்1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை எடுத்துவிட்ட எலிகளுக்குத் தானாகவே கட்டிகள் வந்தன என்று 2003இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. பழுதான பாகங்கள் அகற்றப்படாமல் தேங்கினால் மரபணுக்கள் கெடும், கட்டி பிறக்கும். அப்படியானால் தன்னுண்ணல் காவலன்.

2011இல் மறுபக்கம் தெரிந்தது. ராஸ் என்ற மரபணு விகாரமடைந்த புற்றுக்கலங்களும், குறிப்பாகச் சதையப் புற்றுக்கலங்களும், தன்னுண்ணலை நிறுத்தினால் வாடின. கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்தக்குழாய் சரியாகப் போய்ச் சேராது. அங்கே உணவும் ஒட்சிசனும் குறைவு. அந்தக் கலங்கள் தம் பாகங்களைத் தின்றுதான் காலம் தள்ளுகின்றன. இங்கே தன்னுண்ணல் கட்டிக்குத் துணை.

ஆகவே கட்டி பிறக்குமுன் தன்னுண்ணல் தடுக்கலாம், பிறந்தபின் தாங்கலாம். கைத்தொலைபேசிச் செய்தி சறுக்குவது இங்கேதான். பட்டினி எம்டோரை அமர்த்தும், தன்னுண்ணலைக் கூட்டும், அதுவரை சரி. ஆனால் கூடிய தன்னுண்ணல் புற்றுக்கலத்தையும் பிழைக்க வைக்கலாம். கந்தசஷ்டிக்கோ ஏகாதசிக்கோ சுகமாக இருப்பவர் விரதம் பிடிப்பது வேறு கதை. புற்றுநோயாளிக்குத் தசை கரைந்து நிறை இறங்குவதே தனி ஆபத்து. சிகிச்சை நடக்கும்போது வைத்தியரைக் கேட்காமல் உணவை நிறுத்துவது அந்த ஆபத்தைக் கூட்டும். ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது மதுவத்தில் இந்தப் பொறிமுறையைக் கண்டதற்கு. புற்றுநோய்க்குப் பட்டினி மருந்து என்று அவர் நிறுவவில்லை.

ஆறாம் படி: மருந்துகள் என்ன சொன்னன

எம்டோரை அடக்கினால் புற்றுநோய் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஓரளவுக்குத்தான் வென்றார்கள். ரப்பமைசினை மாற்றியமைத்த டெம்சிரோலிமஸ் 2007இலும், எவரோலிமஸ் 2009இலும் முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஓமோன் சிகிச்சைக்குப் பணியாத ஒரு வகை மார்பகப் புற்றுநோயில் எவரோலிமஸைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் பெருகாமல் நின்ற காலம் ஏறத்தாழ 3 மாதத்திலிருந்து 7 மாதமாகக் கூடியது. வாய்ப்புண்ணும் இரத்தச் சீனி ஏறுவதும் பக்கவிளைவுகள். இன்சுலின் வரிசையில் கைவைத்தால் சீனி குழம்பும் என்பதை மூன்றாம் படி படித்தவர் ஊகித்திருப்பார். மருந்து மிக நன்றாக வேலை செய்த இடம் டிஎஸ்சி மரபணு பிறப்பிலேயே பழுதானவர்களின் மூளைக் கட்டி. கோளாறு நேரே எம்டோரின் வாசலில் இருந்தது, மருந்தும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

மற்ற இடங்களில் ஏன் தடுமாறியது? ரப்பமைசின் பெரும்பாலும் கலத்தை நிறுத்திவைக்கும், கொல்வது குறைவு. எஸ்6 கைனேஸ் அமர்ந்ததும், அது பிஐ3கேக்குப் போட்டிருந்த கட்டு அவிழ்ந்து ஏகேடி மறுபடி எழும்பும். இன்னொன்று, எம்டோர் அமர்ந்தால் தன்னுண்ணல் கூடும், கலம் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்திருக்கும்.

அப்படியானால் தன்னுண்ணலையே அடைத்தால் என்ன? மலேரியாவுக்கு எங்கள் மூத்தவர்கள் விழுங்கிய குளோரோகுயின் இலைசோசோமின் அமிலத்தைக் குறைத்துக் கடைசிக் கட்டத்தை அடைக்கும். அதன் உறவான ஐதரொக்சிகுளோரோகுயினை முற்றிய சதையப் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்து 112 பேரில் சோதித்த முடிவு 2019இல் வந்தது. கட்டி சுருங்கியவர்கள் கூடினார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்களின் வீதம் கூடவில்லை. இந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவதை மட்டும் எடுத்துத் தலைப்புப் போடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: ஆய்வுப் படத்தை வாசிக்கப் பழகுங்கள்

‘இன்ன புரதம் புற்றுக்கலத்தின் வளர்ச்சியையும் தன்னுண்ணலையும் மாற்றுகிறது’ என்ற வகைக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றின் படங்களில் பெரும்பாலும் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு புரதத்தின் அளவைக் காட்டும், தடித்தால் கூட, மெலிந்தால் குறைவு. இந்த முறைக்கு வெஸ்ரேர்ன் புளொட் என்று பெயர்.

எம்டோர் எழும்பியிருக்கிறதா என்று அறிய எம்டோரின் கோட்டைப் பார்த்துப் பயனில்லை. அது எப்போதும் இருக்கும். அது பொசுபேற்று ஒட்டிய புரதத்தைப் பார்க்கவேண்டும். பொசுபேற்று ஏறிய எஸ்6 கைனேஸின் கோடு தடித்திருந்தால் எம்டோர் வேலையில் இருக்கிறது. கூடவே, பொசுபேற்றைக் கணக்கில் எடுக்காத மொத்த எஸ்6 கைனேஸ் கோடும் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் இல்லை.

தன்னுண்ணலுக்கு எல்சி3 கோட்டைப் பார்ப்பார்கள். பையின் சவ்வில் ஒட்டிய வடிவம் எல்சி3-இரண்டு. அது கூடினால் தன்னுண்ணல் கூடியது என்று முடிவுகட்டும் கட்டுரைகள் நிறைய. இங்கே பெரிய பொறி இருக்கிறது. பைகள் அதிகம் உருவானாலும் அந்தக் கோடு தடிக்கும். உருவான பைகள் இலைசோசோமில் கரையாமல் தேங்கினாலும் தடிக்கும். முதலாவதில் வேலை நடக்கிறது, இரண்டாவதில் வேலை அடைபட்டிருக்கிறது. படம் மட்டும் ஒன்று.

பிரித்தறிய ஒரு வழி, அதே கலங்களில் ஒரு பகுதிக்குக் குளோரோகுயினோ பஃபிலோமைசினோ கொடுத்துக் கடைசிக் கட்டத்தை வேண்டுமென்றே அடைப்பது. அப்போது எல்சி3-இரண்டு இன்னும் கூடினால், அதுவரை ஓட்டம் இருந்தது. கூடாவிட்டால் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. பி62ஐயும் சேர்த்துப் பார்க்கலாம். தன்னுண்ணல் முடிவுவரை போனால் அது பெரும்பாலும் குறையும். இந்தச் சோதனை இல்லாத கட்டுரையைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ‘தன்னுண்ணல் கூடியது’ என்ற அதன் வாக்கியத்தை மட்டும் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

வளர்ச்சிப் படத்துக்கும் இதே கவனம் வேண்டும். நிறம் மாறும் ஒரு பொருளைக் கலங்களில் ஊற்றி நிறத்தின் செறிவை அளந்து ‘வளர்ச்சி குறைந்தது’ என்பார்கள். நிறம் குறைந்தது கலங்கள் இறந்ததாலா, பிரியாமல் நின்றதாலா, இழைமணிகள் சோர்ந்ததாலா என்பதை அந்த ஒரு சோதனை சொல்லாது. எம்டோர் ஆய்வில் இந்த வேறுபாடு முக்கியம், ரப்பமைசின் நிறுத்தும் மருந்து என்பதை ஆறாம் படியில் பார்த்தோம்.

எட்டாம் படி: மஞ்சளை வைத்துப் பயிற்சி செய்யுங்கள்

மஞ்சளின் குர்குமின் எம்டோரை அடக்கி நோயைத் தீர்க்கும் என்று சொல்லிக் குளிசைப் போத்தல் விற்கிறார்கள். அடிப்படை இல்லாத பேச்சு என்று ஒதுக்க முடியாது. புற்றுக்கலங்களில் எம்டோர் வழியைக் குர்குமின் அடக்குகிறது என்று 2006இல் ஒரு ஆய்வு வந்தது.

எந்தக் கலங்கள்? தட்டில் வளர்த்த தசைப் புற்றுக்கலங்கள் போன்றவை. நோயாளியின் உடம்பில் இரத்தத்திலிருந்து உணவு எடுத்து, அயற்கலங்களோடு சேர்ந்து வாழும் கட்டி இல்லை. எந்த அளவில்? ஒரு லீற்றருக்குச் சில மைக்ரோமோல். அந்த அளவு மனித இரத்தத்துக்கு ஏறுமா? பிரித்தானியாவில் குடற் புற்றுநோயாளிகள் ஒருநாளைக்கு 3.6 கிராம் தூய குர்குமின் விழுங்கிய ஆய்வு 2004இல் வெளியானது. இரத்தத்தில் கிடைத்தது லீற்றருக்கு ஏறத்தாழ 11 நானோமோல், அதாவது தட்டில் ஊற்றியதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. குடற்சுவரும் ஈரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு என்று வைத்தால், அந்த 3.6 கிராமுக்கு ஒருநாளைக்கு 120 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். சுன்னாகம் சந்தையில் வாங்கும் சிறு பைக்கற் ஒன்று எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

கறியில் போடும் மஞ்சளுக்கு இதனால் எந்தக் குற்றமும் இல்லை. குளிசையாகச் செறிவூட்டியதை எடுப்பவர் மட்டும் போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஈரலில் சில மருந்துகள் உடைபடும் வேகத்தைக் குர்குமின் மாற்றக்கூடும், எவரோலிமஸும் ஈரலில் உடைபடும் மருந்துதான்.